பாட்டிக்கு 108 கட்டம்: பைத்தானில் ஒரு சரத்தைப் பெருக்கிய கதை

வேலை சின்னதுதான். அம்மா தினமும் ஸ்ரீராமஜெயம் எழுதுபவர், நாளைக்கு 108. அதற்கென்றே கட்டம் போட்ட நோட்டு கடையில் கிடைக்கும், ஆனால் கண்புரை அறுவைக்குப் பிறகு அந்தச் சின்னக் கட்டத்துக்குள் எழுதுவது அவருக்குச் சிரமமாகிவிட்டது. அக்கா பையன் ஒன்பதாம் வகுப்பு, இப்போதுதான் கணினி நிரல் எழுதும் மொழியான பைத்தானைப் பழக ஆரம்பித்திருக்கிறான். பெரிய கட்டமாகப் போட்டு நாமே பிரிண்ட் எடுத்துக் கொடுத்தால் என்ன என்று பேச்சு வந்தது. எக்செலில் ஐந்து நிமிடத்தில் முடிகிற காரியம் என்று எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும். ஆனாலும் லூப், அதாவது ஒரே வேலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைக்கும் கட்டளை, பழக இதைவிட நல்ல சாக்கு கிடைக்காது. பாடப்புத்தகத்தில் "வணக்கம்" என்று பத்து தடவை அச்சடிக்கச் சொல்வார்கள், அதைச் செய்து முடித்தால் கையில் ஒன்றும் இருக்காது. இதில் பாட்டி எழுத ஒரு தாளாவது மிஞ்சும்.

நிரலை இங்கே நான் அவனிடம் வாயால் சொன்ன மாதிரியே தமிழ் எழுத்தில் தருகிறேன். பிரிண்ட், ஃபார், ரேஞ்ச் போன்றவற்றைத் தட்டும்போது ஆங்கில எழுத்தில் தட்ட வேண்டும், அவ்வளவுதான். மதிப்புகளைப் போட்டு வைக்கும் மாறிகளின் பெயர்களை மட்டும் நிஜமாகவே தமிழில் வைத்தோம்: கோடு, அகலம், குறுக்கு, நெடுக்கு. பைத்தான் 3 அதை ஒரு முணுமுணுப்பும் இல்லாமல் ஏற்றுக்கொள்கிறது.

கட்டத்துக்குப் போவதற்கு முன்னால், வெறுமனே 108 தடவை அச்சடித்துப் பார்ப்போம் என்று தொடங்கினோம். பையன் முதலில் செய்தது எல்லாரும் செய்வதுதான்.

பிரிண்ட்("ஸ்ரீராமஜெயம்")

இதை எழுதி, நகல் எடுத்துக் கீழே ஒட்டினான். இரண்டு வரி. அந்த இரண்டையும் சேர்த்து நகல் எடுத்து ஒட்டினான், நாலு. அப்புறம் எட்டு, பதினாறு என்று போய் 128 வந்ததும் கடைசி 20 வரியை அழித்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தான். "மாமா, முடிஞ்சிருச்சு."

நான் திட்டவில்லை. திட்டுவதற்கு இதில் ஒன்றும் இல்லை. பைத்தானின் உள்ளே, சி மொழியில் எழுதியிருக்கும் பகுதியில், ஒரு சரத்தை, அதாவது மேற்கோள் குறிக்குள் இருக்கும் எழுத்துத் தொடரை, பல மடங்காக்கும் இடத்தைப் பார்த்தால் அங்கேயும் கிட்டத்தட்ட இதே கதைதான். ஒரு பிரதியை நினைவகத்தில் வைக்கும், இருப்பதை அப்படியே நகல் எடுத்துப் பக்கத்தில் ஒட்டும், இரண்டு, நாலு, எட்டு என்று போகும், கடைசியில் எவ்வளவு பாக்கியோ அவ்வளவை மட்டும் ஒட்டி நிறுத்தும். அவன் கூடுதலாக ஒட்டி அழித்தான், அது அளந்து ஒட்டுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பக்கத்து வீட்டு அத்தை "எனக்கு ஓம் நமசிவாயன்னு போட்டுக் குடு" என்று கேட்டால் 108 வரியையும் மாற்ற வேண்டுமே? அங்கேதான் அவன் முகம் கொஞ்சம் மாறியது. சரி, இந்த நகல் வேலையைப் பைத்தானிடமே விட்டுவிடு என்றேன்.

பிரிண்ட்("ஸ்ரீராமஜெயம்" * 108)

நட்சத்திரக் குறிதான் பெருக்கல். ஒரு பக்கம் சரம், இன்னொரு பக்கம் முழு எண். 108ஐ முன்னால் போட்டாலும் வேலை செய்யும். திரையில் வந்தது ஸ்ரீராமஜெயம்ஸ்ரீராமஜெயம்ஸ்ரீராமஜெயம் என்று மூச்சு விடாமல் ஓடும் ஒரே ரயில். கேட்டதைச் செய்திருக்கிறது, இடைவெளி விடச் சொல்லி நாம் கேட்கவே இல்லை. மேற்கோள் குறிக்குள் என்ன இருக்கிறதோ அதுதான் திரும்ப வரும். அப்படியானால் இடைவெளியையும் அதற்குள்ளேயே வைத்துவிடலாம். வைத்தான், பிரிந்து வந்தது. ஆனால் பாட்டி வரிக்கு ஒன்றாகத்தானே எழுதுவார், புது வரி வேண்டும் என்றான். புது வரிக்கான குறி பின்சாய்கோடும் அதை ஒட்டி ஆங்கில 'என்' எழுத்தும். அவன் எழுதியது இது:

பிரிண்ட்("ஸ்ரீராமஜெயம்" + "\என்" * 108)

ஓட்டினான். திரை காலி. மறுபடி ஓட்டினான், மறுபடி காலி. மேலே உருட்டிக்கொண்டே போய்ப் பார்த்தால் எங்கேயோ உச்சியில் ஒரே ஒரு ஸ்ரீராமஜெயம், அதற்குக் கீழே நூற்றுச் சொச்சம் வெற்று வரிகள். கூட்டலுக்கு முன் பெருக்கல் என்று கணக்கு வகுப்பில் படித்ததுதான். பைத்தான் முதலில் புது வரிக் குறியை 108ஆல் பெருக்கிவிட்டு, அப்புறம் பெயரை ஒரு தடவை முன்னால் சேர்த்திருக்கிறது. அடைப்புக்குறி போட்டுச் சேர்த்துக் கட்டியதும் சரியாகிவிட்டது:

பிரிண்ட்(("ஸ்ரீராமஜெயம்" + "\என்") * 108)

இந்த இடத்தில் கொஞ்சம் நின்றோம், ஏனென்றால் மீதி வேலை முழுக்க இதுவேதான் திரும்பத் திரும்ப வந்தது. பெருக்குவது பெரிய விஷயமே இல்லை, ஒரு நட்சத்திரக் குறி. எதைப் பெருக்குகிறோம், அந்தத் துண்டு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று வெட்டுவதுதான் வேலை. துண்டைத் தப்பாக வெட்டினால் 108 தடவையும் தப்பாகவே வரும்.

இப்போதும் கடைசியில் ஒரு வெற்று வரி கூடுதலாக வருகிறது என்பதை அவனே கவனித்தான். துண்டின் வாலில் ஒரு புது வரி இருக்கிறது, பிரிண்ட் தன் பங்குக்கு முடிவில் இன்னொன்று போடுகிறது. திரையில் வந்தால் கவலை இல்லை, தாளில் அடிக்கும்போது சில சமயம் அந்த ஒரு வரிக்காக அடுத்த பக்கம் வெள்ளையாக வெளியே வரும். 108 பெயர்களுக்கு நடுவே இருக்கும் இடைவெளிகள் 107தான். அதைச் சரியாகச் செய்ய ஜாயின் என்று ஒன்று இருக்கிறது:

பிரிண்ட்("\என்".ஜாயின்(["ஸ்ரீராமஜெயம்"] * 108))

அந்தச் சதுர அடைப்புக்குறி முக்கியம். அவன் முதலில் அதை விட்டுவிட்டுத்தான் ஓட்டினான், வந்த காட்சியை மறக்க முடியாது. வரிக்கு ஒன்றாக எழுத்துகள் சிதறிக் கிடந்தன: ஸ, அடுத்த வரியில் தனியாக ஒரு புள்ளி, அடுத்து ர, அப்புறம் ஈகாரத்தின் சுழி மட்டும், அப்புறம் மறுபடி ர, தனியாகக் கால். ஒட்டிக்கொள்ள எழுத்து இல்லாத குறிகளுக்குப் பக்கத்தில் புள்ளிகளால் ஆன ஒரு வட்டம் வேறு. "என்ன மாமா, பிச்சுப் போட்டிருச்சு?" என்றான். ஜாயினுக்குப் பட்டியல் கொடுத்தால் பட்டியலில் உள்ள ஒவ்வொன்றுக்கும் நடுவே புது வரி போடும். வெறும் சரத்தைக் கொடுத்தால் அதில் உள்ள ஒவ்வொரு குறிக்கும் நடுவே போடும். கணினி எழுத்துகளைச் சேமிக்கும் பொது முறையான யூனிகோடில் தமிழ் எழுத்து ஒவ்வொன்றும் ஒரே குறி கிடையாது. ரா என்பது ர ஒன்று, கால் ஒன்று. ம் என்பது ம ஒன்று, புள்ளி ஒன்று. ஸ்ரீராமஜெயம் நம் கண்ணுக்கு ஆறு எழுத்து மாதிரி தெரியும், நீளத்தைச் சொல்லும் லென் கட்டளையைப் போட்டுக் கேட்டால் 12 என்று சொல்லும். எண்ணிப் பாருங்கள்: ஸ, புள்ளி, ர, ஈகாரக் குறி, ர, கால், ம, ஜ, எகாரக் கொம்பு, ய, ம, புள்ளி. ஆக 108ஆல் பெருக்கினால் 1296 குறிகள், அவன் திரையில் 1296 வரிகள்.

இது பின்னால் எங்களைக் கட்டத்துக்குள்ளேயும் துரத்திக்கொண்டு வந்தது. அதைப் பிறகு சொல்கிறேன்.

நடுவில் ஒரு கிளைக்கதை. எத்தனை தடவை என்பதைப் பயனரிடம் கேட்டு வாங்கலாம் என்று இன்புட் போட்டான். 108 என்று தட்டினான், சிவப்பில் பிழை வந்தது: முழு எண் அல்லாத ஒன்றால் பெருக்க முடியாது என்று. "108 முழு எண் இல்லையா?" என்று கோபம் வேறு. இன்புட் எதை வாங்கினாலும் சரமாகத்தான் தரும். அது 108 என்கிற எண் இல்லை, 1, 0, 8 என்ற மூன்று எழுத்து. சரத்தைச் சரத்தால் பெருக்க முடியாது. இன்ட் போட்டு மாற்றினால் சரி. அப்புறம் வேண்டுமென்றே 0 கொடுத்துப் பார்த்தான், ஒன்றும் வரவில்லை. மைனஸ் 5 கொடுத்தான், பிழை வரும் என்று எதிர்பார்த்தோம் போலிருக்கிறது, அதற்கும் ஒன்றும் வரவில்லை. வெற்றுச் சரம். பைத்தான் அதைத் தப்பாக நினைப்பதில்லை. இரண்டரை கொடுத்தால் மட்டும் கோபித்துக்கொள்கிறது.

இதே நட்சத்திரக் குறியை ஜாவாஸ்கிரிப்ட் என்ற இன்னொரு நிரல் மொழியில் போட்டுவிடாதீர்கள். அங்கே "-" என்ற கோட்டை இருபதால் பெருக்கினால் "எண் அல்ல" என்று பதில் வரும். அங்கே இதற்கென்று ரிப்பீட் என்ற கட்டளை 2015இல்தான் அதிகாரபூர்வமாக வந்தது. அதற்கு முன்னால் 20 கோடு வேண்டும் என்றால் 21 இடமுள்ள காலிப் பட்டியலை உண்டாக்கி அதைக் கோட்டால் ஜாயின் செய்வோம். 21 இடத்துக்கு நடுவே 20 இடைவெளி, அந்த இருபதிலும் கோடு. பார்க்கத் திருட்டுத்தனமாக இருக்கும், ஆனால் நிறையப் பேர் நிரலில் அது இருந்தது.

இன்னும் பழைய ஆட்களுக்கு பேசிக் நினைவிருக்கும். 1964இல் டார்ட்மத் கல்லூரியில் கெமெனியும் கர்ட்ஸும் மாணவர்களுக்காக உருவாக்கிய மொழி. 10 என்று எண் போட்டு பிரிண்ட், 20 என்று எண் போட்டு கோட்டூ 10. இரண்டே வரி, நிற்கவே நிற்காது. பள்ளிக் கணினி அறையில் பெயரை அப்படி ஓடவிட்டுவிட்டு ஓடிப்போவது அந்தக் காலத்துக் குறும்பு. பையனிடம் சொன்னேன், பைத்தானில் அதே மாதிரி வொய்ல் ட்ரூ போட்டு ஒரு தடவை ஓட்டிவிட்டுத்தான் அடங்கினான். கன்ட்ரோலும் சியும் சேர்த்து அழுத்தினால் நிற்கும்.

சரி, கட்டம்.

108ஐ 6 குறுக்கு, 18 நெடுக்கு என்று பிரித்தோம். கட்டத்தின் மேல் கோடு என்றால் மூலையில் கூட்டல் குறி, நடுவில் சிறுகோடுகள், மறுபடி மூலை. அவன் முதலில் ஒரு முழுப் பெட்டியின் மேல்கோட்டை, இரண்டு மூலையோடும், துண்டாக எடுத்து ஆறால் பெருக்கினான். ஒவ்வொரு பெட்டி சேரும் இடத்திலும் கூட்டல் குறி இரண்டு இரண்டாக நின்றது. வேலி போடுகிறவருக்கு இது தெரியும்: ஆறு கண்ணிக்கு ஏழு கல்தூண் போதும், பன்னிரண்டு வேண்டாம். அதனால் துண்டு என்பது இடது மூலையும் கோடும் மட்டும், வலது மூலை கிடையாது. கடைசி மூலையைப் பெருக்கலுக்கு வெளியே ஒரே ஒரு தடவை சேர்க்க வேண்டும்:

கோடு = ("+" + "-" * அகலம்) * குறுக்கு + "+"

ஒரே வரியில் இரண்டு பெருக்கல். உள்ளே இருப்பது ஒரு பெட்டியின் அகலத்துக்கு, வெளியே இருப்பது பெட்டிகளின் எண்ணிக்கைக்கு. முன்பு அவனை ஏமாற்றிய அதே கூட்டல்-பெருக்கல் வரிசை இங்கே நமக்குச் சாதகமாக வேலை செய்கிறது, கோடு மட்டும்தான் முதலில் பெருகும், மூலை பெருகாது. வெற்று வரிக்கும் இதே வடிவம்தான், மூலைக்குப் பதில் நிமிர்ந்த கோடு, சிறுகோட்டுக்குப் பதில் இடைவெளி.

அகலம் 11 என்று வைத்தோம். திரையில் அழகாக வந்தது. லிபர்ஆபிஸ் ரைட்டரில் ஒட்டி, லிபரேஷன் மோனோ எழுத்துரு, 12 புள்ளி, நாலு பக்கமும் அரை அங்குல ஓரம் வைத்துப் பார்த்தால், கடவுளே, எல்லா வரியிலும் கடைசி மூலை மட்டும் பிய்ந்து அடுத்த வரியில் போய் உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் இரண்டு பக்கமாக ஊதிவிட்டது. கணக்குப் போட்டால் காரணம் தெரிந்துவிடும். இந்த வகை எழுத்துருவில் எல்லா எழுத்துக்கும் ஒரே அகலம், 12 புள்ளியில் அங்குலத்துக்குச் சரியாகப் பத்து எழுத்து. ஏ4 தாள் 210 மில்லிமீட்டர், அதாவது 8.27 அங்குலம். ஓரம் போக 7.27. ஆக ஒரு வரிக்கு 72 எழுத்துதான் கொள்ளும். எங்கள் துண்டு 12 எழுத்து, ஆறு துண்டுக்கு 72, கச்சிதம். அந்த ஏழாவது கல்தூண்தான் 73. அகலத்தை 10 ஆக்கினோம், 67 எழுத்து, உட்கார்ந்தது.

ஒவ்வொரு கட்டத்தின் மூலையிலும் வரிசை எண் வேண்டும் என்பது அவன் யோசனை. இங்கே பெருக்கல் உதவாது. ஒரே மாதிரி இருப்பதைப் பெருக்கலாம், ஒவ்வொரு தடவையும் ஏதாவது மாறுகிறது என்றால் லூப்தான். ரேஞ்ச்(108) என்று போட்டால் 0இல் தொடங்கி 107இல் நிற்கும், அது எல்லாருக்கும் ஒரு நாள் நடப்பது. ரேஞ்ச்(1, 109) என்று போட்டால் 1 முதல் 108. ஆனால் அவனுக்கு எண்களை எல்லாம் முதலில் ஒரு பட்டியலில் அடுக்கிவிட்டு அப்புறம் அச்சடிக்கலாம் என்று ஆசை. புதிதாகக் கற்ற பெருக்கலை இங்கேயும் போட்டான்:

கட்டங்கள் = [[0] * 6] * 18

பதினெட்டு வரிசை, வரிசைக்கு ஆறு. அப்புறம் இரண்டு லூப் போட்டு 1 முதல் 108 வரை நிரப்பினான். அச்சடித்தால் பதினெட்டு வரிசையிலும் 103, 104, 105, 106, 107, 108. அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. பைத்தான் தெரிந்தவர்களுக்கு இப்போதே சிரிப்பு வந்திருக்கும். பட்டியலைப் பெருக்கும்போது பைத்தான் பதினெட்டுப் புதுப் பட்டியல் செய்வதில்லை. ஒரே பட்டியலைப் பதினெட்டு இடத்தில் சுட்டிக்காட்டுகிறது. எந்த வரிசையில் எழுதினாலும் எழுதுவது அந்த ஒன்றில்தான், கடைசியாக எழுதிய வரிசை மட்டும் தங்கும். சரத்துக்கு மட்டும் ஏன் இந்தத் தொல்லை வரவில்லை என்று கேட்டான், நல்ல கேள்வி. சரத்தை உள்ளே கை வைத்து மாற்றவே முடியாது, அதனால் எத்தனை இடத்தில் சுட்டினாலும் வித்தியாசம் தெரிய வாய்ப்பில்லை. பட்டியலை மாற்றலாம், அங்கேதான் குட்டு வெளிப்படும். இந்த வேலைக்குப் பட்டியலே தேவை இல்லை என்று அதைத் தூக்கிவிட்டோம்.

அடுத்த ஆசை: முதல் கட்டத்தில் மட்டும் மாதிரிக்கு ஸ்ரீராமஜெயம் என்று அச்சாக இருக்கட்டும். எல்ஜஸ்ட் என்ற கட்டளை, சொன்ன அகலம் வரும் வரை வலது பக்கம் இடைவெளியால் நிரப்பும். எண்ணுக்கு அது அருமையாக வேலை செய்தது. தமிழுக்குப் போட்டதும் அந்த ஒரு வரியில் மட்டும் நிமிர்ந்த கோடுகள் எல்லாம் இடம் பெயர்ந்து நின்றன. முன்னால் சொன்னேனே, துரத்திக்கொண்டு வந்தது என்று, இதுதான் அது. பைத்தான் குறிகளை எண்ணுகிறது: 12. புள்ளி எழுத்தின் தலைமேல் போய்விடும், அகலம் எடுக்காது, ஆனால் எண்ணிக்கையில் சேரும். அது போதாதென்று இந்த எழுத்துருவில் தமிழே இல்லை. கணினி வேறொரு தமிழ் எழுத்துருவைக் கடன் வாங்கி அந்தச் சொல்லை மட்டும் அதில் காட்டுகிறது, அதில் ஜெ ஒரு அகலம், ம ஒரு அகலம். இடைவெளியைக் கூட்டிக் குறைத்து ஒரு கணினியில் சரிசெய்யலாம், இன்னொரு கணினியில் மறுபடி கோணலாகும். இதோடு மல்லுக்கட்டுவது வீண். கட்டத்துக்குள் எண் மட்டும், தமிழ் மேலே தலைப்பில் தனியாக என்று முடிவு செய்தோம். தலைப்புக்கு அடிக்கோடு போடக் கூட லென்னை நம்ப முடியாது என்பதால் கட்டத்தின் முழு நீளத்துக்கும் கோட்டை இழுத்துவிட்டோம்.

தமிழில் இன்னொரு வேடிக்கையும் இருக்கிறது. முன்பு செய்த 108 வரியை ஒரு கோப்பில் சேமித்து, உள்ளே உண்மையிலேயே 108 இருக்கிறதா என்று கவுன்ட் போட்டு எண்ணிப் பார்த்தான். பதில் 0. கோப்பைத் திறந்தால் பக்கம் முழுக்க ஸ்ரீராமஜெயம்தான். விசாரித்தால், கோப்பில் போன சொல் அவன் அம்மா போனில் தட்டி அனுப்பியது, எண்ணும்போது தேடிய சொல் இவன் கணினியில் தட்டியது. ஸ்ரீயை இரண்டு விதமாகச் சேமிக்கலாம். ஸ, புள்ளி, ர, ஈகாரம் என்பது ஒன்று. ஸவுக்குப் பதில் ஶ என்ற எழுத்தில் தொடங்குவது இன்னொன்று. அந்த ஶ 2005இல், யூனிகோடு 4.1இல்தான் சேர்ந்தது. பல எழுத்துருக்களில் இரண்டும் ஒரே சுழித்த ஸ்ரீயாகத்தான் தெரியும். கண்ணுக்கு ஒன்று, பைத்தானுக்கு வேறு வேறு. திருமணப் பட்டியலிலோ கடைப் பெயரிலோ "ஸ்ரீ" தேடிக் கிடைக்காமல் மண்டையை உடைத்துக்கொள்பவர்கள் முதலில் இதைப் பாருங்கள்.

108 சரியாக வந்ததும் பையனுக்குக் கை அரித்தது. ராமகோடி எழுதுகிறார்களே, ஒரு கோடி, அதைப் பெருக்கினால் என்ன ஆகும்? 1க்குப் பின் ஏழு பூஜ்யம் போட்டுப் பெருக்கி, அச்சடிக்காமல் நீளம் மட்டும் கேட்கச் சொன்னேன். கண் மூடித் திறப்பதற்குள் 120000000 என்று வந்தது. பன்னிரண்டு கோடி குறிகள். தமிழ்க் குறி ஒவ்வொன்றையும் பைத்தான் நினைவகத்தில் இரண்டு பைட்டில் வைக்கிறது, ஆக 240 மெகாபைட். கோப்பில் யுடிஎஃப்-8 முறையில் சேமித்தால் குறிக்கு மூன்று பைட், 360 மெகாபைட். அப்படி ஒரு கோப்பைச் சேமித்துவிட்டு நோட்பேடில் திறக்கப் போனான், தடுத்துவிட்டேன். இதைப் பாட்டியிடம் பெருமையாகச் சொன்னான், "நான் ஒரு கோடி எழுதிட்டேன் பாட்டி" என்று. "நீ எங்கடா எழுதின, அது எழுதிச்சு. போய் உன் வீட்டுப்பாடத்தை எழுது" என்று பதில் வந்தது.

இதற்குள் முதல் தாளை அடித்துக் கொடுத்திருந்தோம். அம்மா ஒரு கட்டத்தில் எழுதிப் பார்த்துவிட்டு, உயரம் போதும், அகலம்தான் பத்தவில்லை, கடைசி ம் கோட்டுக்கு வெளியே போகிறது என்றார். நியாயம்தான், பத்து எழுத்து அகலம் என்பது ஒரு அங்குலம், கடை நோட்டை விட ஒன்றும் பெரிதில்லை. தாள் பெரிதாகாது, ஆகவே ஒரு பக்கத்துக்குப் பாதி, 54 கட்டம், பின் பக்கத்தில் மீதி 54. குறுக்கே 3, நெடுக்கே அதே 18, அகலம் 22. மூன்று துண்டுக்கு 69 எழுத்து, கடைசித் தூணோடு 70, தாளில் கொள்ளும். ஒரு கட்டம் 56 மில்லிமீட்டர் அகலத்துக்கு வந்துவிட்டது. உயரத்துக்கு ஒரு கோட்டு வரி, ஒரு எண் வரி, ஒரு வெற்று வரி என்று மூன்று; 18 வரிசைக்கு 54, மூடும் கோட்டோடு 55 வரி. தலைப்புக்கு இடம் போதாததால் அதை எடுத்துத் தாளின் மேல் ஓரப் பகுதியில் போட்டுவிட்டோம். நிரலில் மாறியது இரண்டே எண்கள், மூன்றும் இருபத்திரண்டும். இப்படி மாற்ற முடியும் என்பதற்காகத்தான் அவற்றை உச்சியில் பெயர் கொடுத்து வைக்கச் சொன்னேன். முன்பு கோட்டுக்குள்ளேயே எண்ணை எழுதியிருந்தான், அதை மாற்றச் சொன்னபோது முணுமுணுத்தான்.

கடைசியில் நின்ற நிரல் இது:

குறுக்கு = 3
நெடுக்கு = 18
அகலம் = 22
எண் = 1
கோடு = ("+" + "-" * அகலம்) * குறுக்கு + "+"
வெற்று = ("|" + " " * அகலம்) * குறுக்கு + "|"
ஃபார் வரிசை இன் ரேஞ்ச்(நெடுக்கு):
    பிரிண்ட்(கோடு)
    எண்வரி = ""
    ஃபார் இடம் இன் ரேஞ்ச்(குறுக்கு):
        எண்வரி = எண்வரி + "|" + எஸ்டிஆர்(எண்).எல்ஜஸ்ட்(அகலம்)
        எண் = எண் + 1
    பிரிண்ட்(எண்வரி + "|")
    பிரிண்ட்(வெற்று)
பிரிண்ட்(கோடு)

பின் பக்கத்துக்கு எண் = 55 என்று மாற்றி ஓட்ட வேண்டும். எஸ்டிஆர் எதற்கு என்றால், எண்ணைச் சரத்தோடு நேரடியாகக் கூட்ட பைத்தான் விடாது. மூடும் கோடு லூப்புக்கு வெளியே, ஓரத்தை ஒட்டி நிற்பதைக் கவனியுங்கள். அது அதே வேலிக் கணக்கு, இந்தத் தடவை மேலிருந்து கீழே. அதை உள்ளே தள்ளி எழுதிவிட்டால் நடுவில் எல்லாம் இரட்டைக் கோடு விழும். சிறுகோடு விட்டு விட்டுத் தெரிவது பிடிக்கவில்லை என்றால் பெட்டி வரைவதற்கென்றே உள்ள கோட்டு எழுத்துகளைப் போடலாம், 1981இல் வந்த முதல் ஐபிஎம் பிசியிலிருந்தே அவை இருக்கின்றன, யூனிகோடிலும் உண்டு. பக்கத்துப் பக்கத்தில் வைத்தால் இடைவெளி இல்லாமல் ஒட்டிக்கொள்ளும். நாங்கள் போட்டுப் பார்த்தோம், அழகாகத்தான் இருந்தது, ஆனால் அம்மாவுக்கு விட்டு விட்டு வரும் கோடே கண்ணை உறுத்தாமல் இருக்கிறதாம். அப்படியே விட்டுவிட்டோம்.

எழுத ஆரம்பித்த பிறகு ஒரு திருத்தம் வந்தது. கட்டத்துக்குக் கட்டம் எண் இருந்தால் மனசு எண்ணிக்கொண்டே போகிறது, எல்லாவற்றையும் எடுத்துவிடு, கடைசிக் கட்டத்தில் மட்டும் 108 என்று இருக்கட்டும் என்றார் அம்மா. பையன் என்னைக் கேட்காமலே உட்கார்ந்து, உள் லூப்பில் இஃப் போட்டு, எண் 108 ஆக இருந்தால் எண்ணை எல்ஜஸ்ட் செய்து சேர்க்கவும், இல்லையென்றால் இடைவெளியை அகலத்தால் பெருக்கிச் சேர்க்கவும் என்று எழுதி முடித்தான். இப்போது பக்கத்து வீட்டு அத்தைக்கு ஓம் நமசிவாய தாள் அடித்துக்கொண்டிருக்கிறான். அதற்கும் 108தான், தலைப்பை மட்டும் மாற்றினால் போதும்.